கொசுறு வளையம்

கொசுறு வாங்காமல் எந்தக் கடைப் படியையும் இறங்கியவர் இல்லை தங்கப்பழம். கறிவேப்பிலையில் ஆரம்பித்த பழக்கம். கார் வாங்கிய இடத்தில் குடை கேட்டு வாங்கினார். மகளுக்கு விவாகரத்து வாங்கிக்கொடுத்த வக்கீலிடம்கூட, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பாத்துச் செய்யுங்க" என்று தலையைச் சொறிந்து, ஒரு வாடகைப் பத்திரத்தைச் சும்மா எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். கொசுறின் ருசி பொருளில் இல்லை, கொடுக்கிறவன் முகம் ஒரு கணம் சுருங்குகிறதே, அதில் இருக்கிறது என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டது.

முதலில் புரோட்டா நின்றது. யாரும் கவலைப்படவில்லை, வயசானவருக்கு நல்லதுதான் என்றார்கள். பிறகு இட்லி நின்றது. பிறகு குழைய வடித்த கஞ்சி மூக்கு வழியாகத் திரும்பி வந்தபோதுதான் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். மகன் ராஜகனி ஒரு பக்கம், மகள் சுகிர்தா ஒரு பக்கம், நடுவில் வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு தங்கப்பழம்.

டாக்டர் அப்சல் படத்தைத் திரையில் காட்டினார். உணவுக்குழாயின் நடுவில், சந்துக்குள் லாரி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கட்டி.

"அறுக்கிற கட்டம் தாண்டிப் போச்சு அண்ணாச்சி. ஆனா வழியைத் திறந்து வைக்கலாம். வாய் வழியா கேமரா வச்ச குழாயை விட்டு, மடிச்ச கம்பிவலை ஒண்ணை அடைப்புக்குள்ள வச்சிட்டு வந்துருவோம். உடம்புச் சூடு பட்டதும் குடை மாதிரி தானா விரிஞ்சுக்கும். ஸ்டென்ட்டுன்னு பேரு."

"வெட்டு, தையல்?"

"ஒண்ணும் கிடையாது."

"நோவு?"

"நோய் அப்படியே இருக்கும். நாம செய்யுறது பாதை மட்டும்தான்."

தங்கப்பழம் யோசித்தார். சரக்கின் குறையை விற்கிறவனே முதலில் சொல்லிவிட்டால் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும்.

"அப்ப என் பேச்சையும் கேட்டுக்கிடுங்க. பேத்தி கல்யாணம் தையில. அதுவரைக்கும் நான் திங்கணும். பந்தியில நாலு பேரு பாக்க உக்காந்து திங்கணும். அதுக்கப்புறம் திங்கிறதும் திங்காததும் என் இஷ்டம். மூக்குல குழாய் விட்டு, வயித்துல ஓட்டை போட்டுப் படுக்க வைக்கிற சோலி ஆகாது."

"சத்தியமா இல்ல. சாதா வலையில முழுங்குறது உங்க கையிலதான்."

"வாயில," என்று திருத்தினார் தங்கப்பழம்.

விலை பேசும் வேலையை மருத்துவமனைகள் கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிட்ட காலம் அது. பக்கத்து அறையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் இருந்தான். நிவாஸ் என்று பெயர். அவனிடம் தங்கப்பழம் சிரித்துப் பார்த்தார், இருமிப் பார்த்தார், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பியும் பார்த்தார். விலை இறங்கவில்லை.

"விலை கம்பெனி போட்டது அண்ணாச்சி. என் கையில ஒண்ணுமே இல்ல."

"கையில ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய மேசை? சரி, விலையை விடு. கொசுறு என்ன தருவே?"

நிவாஸின் முகம் சுருங்கியது. தங்கப்பழத்துக்கு அந்த வாரத்தில் முதல்முறையாக உடம்பு நன்றாக இருந்தது.

"புது மாடல் ஒண்ணு இருக்கு. இன்னும் விற்பனைக்கு வரல, ஆளுங்களுக்குப் போட்டுச் சோதிச்சுப் பாக்கச் சொல்லியிருக்காங்க. வலை அதேதான். உள்ள வரிசையா வளையங்க சேத்திருக்கும். சாதா வலையில சாப்பாடு சும்மா வழுக்கி விழும், படுத்தா எதுக்களிக்கும். இதுல மேல் வளையத்துல ஈரம் பட்டாப் போதும், ஒண்ணொண்ணாச் சுருங்கிக் கீழ தள்ளிவிட்டுரும். மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு சொட்டுத் திரும்பாது. நீங்க முழுங்கவே வேண்டாம்."

"கம்பி எப்படிய்யா சுருங்கும்?"

"அது ஒருவிதக் கம்பி. குளுந்தா சுருங்கும், சூடானா விரியும். அந்தக் குளிரையும் சூட்டையும் உள்ள இருக்கிற ஒரு சின்னச் சில்லு மாத்தி மாத்திக் குடுக்கும்."

"கரண்ட்டு?"

"நீங்க சாப்பிடுறதுல இருந்தே எடுத்துக்கும். வயித்துப் புளிப்புதான் அதுக்கு பேட்டரி."

"அப்ப அதுக்கும் சேத்து நான் திங்கணும். சரி, போடு."

சுகிர்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "வேண்டாம்னா இதை நிறுத்துறது எப்படி?"

"எதுக்குக்கா நிறுத்தணும்?" என்றான் நிவாஸ்.

"சும்மா குடுக்கிறதுக்குப் போயி கேள்வி கேட்டுக்கிட்டு," என்றான் ராஜகனி.

சும்மா கொடுக்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று ஊரில் ஒரு வசனம் உண்டு. மாடு விற்கிறவன் கிளப்பிவிட்டதாகத்தான் இருக்கும்.

சுகிர்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அப்பாவின் வத்தல் மண்டியில் அவள்தான் உட்கார்ந்தாள். ராஜகனிக்கு மிளகாய் நெடி ஆகாது, கட்டட வேலைக்குப் போய்விட்டான். அந்த வருஷங்களில் பெரிய கொள்முதல்காரர்கள் மண்டிக்குக் கேமரா வைத்த கண்ணாடி மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். விற்கிறவனின் கண் சிமிட்டலையும் குரல் நடுக்கத்தையும் படித்து, இவன் எந்த விலைக்குப் படிவான் என்று அந்தக் கண்ணாடி காதில் ஓதிவிடும். மண்டிக்காரர்கள் ஒரு மாதம் தோற்றார்கள். அடுத்த மாதம், மாட்டுச் சந்தையில் தாத்தன்மார் செய்ததைத் திரும்ப எடுத்தார்கள்: பேசுவதில்லை, முகம் காட்டுவதில்லை, இரண்டு கைக்கு மேலே ஒரு துண்டு. விரலைத் தொட்டால் விலை. கையை முழுசாகப் பிடித்து அமுக்கினால் முடிந்தது. உருவிக்கொண்டால் முறிந்தது. சுண்டு விரலைத் திருகினால், இன்னும் ஏதோ கொசுறு வேண்டும் என்று அர்த்தம். துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடையாது. வெளியே சொல்கிறவனோடு அப்புறம் யாரும் கை சேர்க்கமாட்டார்கள்.

அதில் மண்டித் தெருவே மெச்சும் கை சுகிர்தாவுக்கு. கற்றுக்கொடுத்தவர் அப்பாதான் என்றாலும், பின்னாளில் அப்பாவே அவளிடம் சுண்டு விரலைத் திருகித் தோற்றிருக்கிறார்.

ஸ்டென்ட் வைத்த மறுநாளே தங்கப்பழம் ரசஞ்சோறு சாப்பிட்டார். "உள்ள யாரோ மெட்டி போட்டுக்கிட்டுப் படியிறங்குற மாதிரி இருக்கு," என்றார். தையில் பேத்தி கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இலையிலேயே விடச் சொல்லி வழித்துக் குடித்தார். சம்பந்தி வீட்டார் அதிசயமாகப் பார்த்தார்கள். "பிள்ளைக செலவழிக்கிறானுக, நான் முழுங்குறேன்," என்றார் அவர்களிடம். அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

மாசியில் நோய் முதுகெலும்புக்கு இறங்கியது. குரல் நரம்பையும் தின்றுவிட்டது. தங்கப்பழம் படுத்தார், சொன்ன சொல்படி உதட்டை மூடிக்கொண்டார்.

மூடிய உதடு எவ்வளவு நேரம் மூடியிருக்கும்? மருமகள் மேனகா கெட்டவள் இல்லை. மாமனார் பட்டினி கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வலியில் அவர் வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு கரண்டி சத்துமாவுக் கஞ்சியை விட்டாள். அவர் துப்பத்தான் பார்த்தார். துப்புவதற்கு வாயில் ஒன்றும் இல்லை. அதற்குள் வளையம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"மாமா ஜோரா சாப்பிடுறாங்க," என்று போனில் எல்லோரிடமும் சொன்னாள் மேனகா. "ஒரு வாய் மறுக்கலை."

தங்கப்பழம் சுகிர்தாவைப் பார்த்தார். சந்தையில் ஏமாந்தவன் கூட்டத்தில் தனக்குத் தெரிந்த முகத்தைத் தேடுகிற பார்வை.

அவள் மதுரைக்கு ஓடினாள். நிவாஸையும் வரவழைத்தாள்.

"நிறுத்துற வழியைச் சொல்லுங்க தம்பி."

நிவாஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "நிறுத்துற வசதி இருக்குக்கா. ஆனா அது காசு குடுத்து வாங்குற மாடல்ல. சோதனைக்குக் குடுக்கிறதுல வைக்கல. ஆளுங்க பாட்டுக்கு நடுவுல நிறுத்திட்டா சோதனை எப்படி முடியும்?"

"இலவசமாக் குடுக்கிறதுல வேண்டாம்னு சொல்ற உரிமையை மட்டும் எடுத்துட்டுக் குடுக்கிறீங்க."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்கதானே கேட்டீங்க, கொசுறு."

சுகிர்தா டாக்டரிடம் திரும்பினாள். "உருவி எடுத்துர முடியாதா?"

"வலைக்கண்ணுக்குள்ள கட்டி வளர்ந்து பின்னிக்கிச்சும்மா. உருவினா குழாயே கிழிஞ்சு வரும்." அப்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாடலுக்கு நான் சரி சொல்லியிருக்கக்கூடாது. இப்ப ஒரே வழிதான். உள்ள சாப்பாடு போகாம இருந்தா வளையம் தானா அடங்கிரும். அதுக்கப்புறம் அவர் விருப்பப்படி, இயற்கையாப் போவாரு. வலிக்கு மருந்துப்பட்டை தோள்ல ஒட்டிக்கலாம், வாய் வேண்டியதில்ல. தவிக்க விடமாட்டேன். ஆனா வீட்டுல எல்லாரும் ஒரு மனசா இருக்கணும்."

"எங்க வீட்டுலயா?" என்று சிரித்தாள் சுகிர்தா. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

ராஜகனி காது கொடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, "பெத்த அப்பனைப் பட்டினி போட்டுக் கொன்னான்னு ஊர் என்னையத்தான் சொல்லும். உன்னைய இல்ல," என்றான்.

"அவரே கேட்டதுண்ணே. டாக்டர் முன்னாடி, உன் முன்னாடி சொன்னாரு. திங்கிறதும் திங்காததும் என் இஷ்டம்னு."

"அப்பச் சொன்னது. இப்பச் சொல்லச் சொல்லு."

குரல் இல்லாத மனிதரைச் சொல்லச் சொன்னான். அவனையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. அப்பா சாவதை ராஜகனியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பக்கத்து அறையில் உட்கார்ந்து அழுவான். கட்டிலருகே அதிகம் வரமாட்டான்.

இதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. தங்கப்பழம் அண்ணாச்சி இழுத்துக்கிட்டுக் கிடக்காரு, பால் ஊத்த வாங்க.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. போகிற உயிருக்கு உறவும் சினேகிதமும் ஆளுக்கொரு கரண்டி பால் விட வேண்டும். பால் உள்ளே இறங்கினால் இன்னும் பொழுதிருக்கிறது. கடைவாயில் வழிந்தால் முடிந்தது, அழ ஆரம்பிக்கலாம். முதலில் வந்தவர் சித்தப்பா, தங்கப்பழத்தின் தம்பி செல்லையா. ஒரு கரண்டி விட்டார். அண்ணன் தொண்டையையே பார்த்தார்.

"இறங்குது! ஏலே ராஜகனி, இறங்குதுடா!"

வீடே கூடிவிட்டது. வத்தல்காரர்கள் வந்தார்கள், பருப்புக்காரர்கள் வந்தார்கள். பழைய பகையாளி ஒருவர் வந்து, பால் ஊற்றி, பகையை முடித்துக்கொண்டு போனார். எல்லாருக்கும் இறங்கியது. வளையத்துக்கு உறவென்றும் பகையென்றும் தெரியாது. ஈரம் பட்டால் இழுக்கும், இழுத்ததில் வயிறு புளிக்கும், புளித்ததில் வளையம் வலுக்கும். வழியனுப்ப வந்தவர்கள் ஆளுக்கொரு கரண்டி டீசல் ஊற்றிவிட்டுப் போனார்கள். தோல் எலும்போடு ஒட்டிவிட்டது, முதுகில் புண் வந்துவிட்டது, மருந்துப்பட்டை போதாமல் வலியில் கடித்துக் கடித்தே அவர் உதடு நீலம் பூத்தது. ஆனாலும் இறங்கியது.

"உயிர் எதுலயோ தொக்கி நிக்குது," என்றார் சித்தப்பா. "ஆசை ஏதோ தீரலை. மண்டியில ஒரு பிடி வத்தலைக் கரைச்சு ஊத்திப் பாப்போமா?"

"சித்தப்பா, சும்மா இருங்க," என்றாள் சுகிர்தா.

பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போன நேரம் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தன் தோளில் கிடந்த மண்டித் துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள்.

"நிறுத்திரலாமாப்பா?"

அவர் விரல்கள் வந்தன. எலும்புதான், ஆனால் பழக்கம் போகவில்லை. முழுசாகப் பிடித்து அமுக்கவில்லை. சுண்டு விரலைத் தேடிப் பிடித்துத் திருகினார்.

சுகிர்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இதுலயும் கொசுறா? என்னப்பா வேணும்?"

அவர் கண் கதவுப் பக்கம் போனது. வெளியே ராஜகனி யாரிடமோ, "ஒரு வாய் மறுக்கலை," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணனுக்குத் தெரியக்கூடாதா?"

விரல் விடவில்லை. இன்னும் திருகியது.

"எப்பவுமே தெரியக்கூடாதா? நீங்களாக் கேட்டதுன்னுகூட?"

தங்கப்பழம் கண்ணை மூடித் திறந்தார். சாகிறதுக்கு அப்பனே கையடித்துக் கொடுத்தான், தன்னை விட்டுப் போக அவசரப்பட்டான் என்று தெரிந்தால் பெரியவன் தாங்கமாட்டான். சின்னவள் தாங்குவாள். இந்த வீட்டில் இது புதிய விலை இல்லை. விவாகரத்தின்போதும், மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்த அண்ணன் மனசு நோகக்கூடாதென்று அவள்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

உருவிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் அவள் கை யோசித்தது. பிறகு அவளே பிடித்து அமுக்கினாள். அவர் திருப்பி அமுக்கியபோது அந்தக் கையில் இவ்வளவு பலம் எங்கே மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து கரண்டி அவள் கைக்கு வந்தது. "அப்பாவுக்கு வாய் புண்ணாக் கிடக்கு மதினி, நான் பாத்து ஊத்துறேன்," என்று மேனகாவிடம் வாங்கிக்கொண்டாள். பால் ஊற்ற வந்தவர்களிடம், "நீங்க தொட்டுக் குடுங்க மாமா, நான் விடுறேன்," என்றாள். அவர்கள் தொட்டுக் கொடுத்தார்கள். அவள் குனிந்து, முதுகால் மறைத்து, கடைவாய் ஓரமாகச் சாய்த்தாள். தாடைக்கடியில் மடித்து வைத்த துண்டு குடித்தது.

"இறங்குதாம்மா?"

"இறங்குது மாமா."

துண்டு நனைந்ததும் வேறு துண்டு. நனைந்ததைத் தானே அலசிக் கொல்லைக் கொடியில் போட்டாள். ஒரு நாள் அவளுக்கு முந்தி மேனகா அலசப் போய், மூக்கைச் சுளித்தாள். "ஏ சுகி, துண்டு ஏன் இப்படிப் புளிச்சு நாறுது?" சுகிர்தா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். மேனகா மறந்துபோனாள், அல்லது மறந்த மாதிரி எடுத்து வைத்துக்கொண்டாள்.

வளையம் அடங்கியது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்பாவின் மார்பில் கை வைத்தால் மெட்டிச் சத்தம் போல ஒன்று எப்போதும் தட்டுப்படும். அது நின்றிருந்தது. பிறகு அவர் சாவு அவருடையதாகவே வந்தது. புதுப்பட்டை ஒட்டிய தோளோடு, நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, ஒரு காலைப்பொழுதில், தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது போனார். சித்தப்பா ஓடிவந்து ஒரு கரண்டி விட்டார். பால் கடைவாயில் வழிந்தது. அழ ஆரம்பித்தார்கள்.

ராஜகனி சுவரில் முட்டிக்கொண்டான். சுகிர்தா அவனைப் பிடித்துக்கொண்டாள். மண்டித் தெருவில் அன்று ஒரு கடைகூடத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பால் தெளிப்பு. ஊரில் இப்போதெல்லாம் பெண்களும் சுடுகாடு வரைக்கும் வருகிறார்கள். முற்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம், ஆள் பற்றாக்குறை. வெட்டியான் மேல்சாம்பலை விலக்கினான். உள்ளே இன்னும் கனல் இருந்தது. எலும்பு பொறுக்கக் குனிந்த ராஜகனி, "இதென்னது?" என்றான்.

நெஞ்சிருந்த இடத்தில் கம்பிவலை கிடந்தது. தீ அதை ஒன்றும் செய்யவில்லை. கறுத்து, குழல் மாதிரி அகலமாக விரிந்து, வாயை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சாம்பலில் செருகி நின்றது.

"அப்படியே இருக்கட்டும், ஊத்து," என்றார் சித்தப்பா.

ராஜகனி செம்பைச் சாய்த்தான். குளிர்ந்த பால் கம்பியின் மேல்விளிம்பில் விழுந்தது.

மேல் வளையம் சுருங்கியது.

அடுத்து அதற்குக் கீழ் வளையம். அதற்கடுத்து அதற்கும் கீழ். பால் இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் குறுகி, கனல் சூட்டில் மறுபடி ஒவ்வொன்றாக விரிந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது. குளுந்தா சுருங்கும், சூடானா விரியும். நிவாஸ் சொன்னது சுகிர்தாவுக்கு மட்டும் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் பார்த்தது வேறு.

"அப்பா..." என்றான் ராஜகனி. "அப்பா பசியோட போயிருக்காரு."

மேனகா மெதுவாகச் சுகிர்தா பக்கம் திரும்பினாள்.

"துண்டு ஏன் அப்படி நாறுச்சுன்னு இப்பத் தெரியுது," என்றாள். "ஊத்துறேன் ஊத்துறேன்னு துண்டுலதான் ஊத்துனியா சுகி?"

ராஜகனி தங்கச்சியைப் பார்த்தான். இல்லை என்று சொல்லமாட்டாளா என்று கெஞ்சுகிற முகம். "சொல்லு," என்றான். "அவருக்கு ஊத்துனியா இல்லையா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. டாக்டர் சொன்னது, கம்பெனிக்காரன் சொன்னது, முதுகுப் புண், நீலம் பூத்த உதடு. எல்லாவற்றுக்கும் மேலே, துண்டுக்குள் ஒரு அமுக்கு. சாட்சி இல்லாத பேரம். சொன்னால் அண்ணன் நம்பக்கூடும். நம்பினால் இவன் இன்னும் உடைவான். அப்பா அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். வாங்காமல் படியிறங்கியவர் இல்லையே.

சுகிர்தா வாயைத் திறந்தாள். பிறகு சொல்ல வந்ததை முழுங்கினாள். அவளுக்கு வளையம் எதுவும் தேவைப்படவில்லை.

"குடு அவ கையில செம்பை," என்றார் சித்தப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல். "இப்பவாவது ஊத்தட்டும்."

அவள் வாங்கிக்கொண்டு, கனல் காலைச் சுடச்சுட அருகே போய்க் குனிந்தாள். இந்தமுறை முதுகால் மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்க ஊற்றினாள். மேல் வளையம் சுருங்கியது, அடுத்தது சுருங்கியது. மேலே விட்ட பால் கீழே சாம்பலில் வந்து சேர்ந்தது.

"இறங்குது," என்றார் சித்தப்பா. "இன்னும் ஊத்து."